பெயரை மாற்றிக்கொண்ட இரண்டு பார்சிகள்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது, ஆர்கன் வாசித்துவந்த என் பெரியப்பா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ஞானஸ்நானப் பேரா, வீட்டுப் பேரா?" எங்கள் குடும்பத்திலேயே, தாத்தாவின் தகப்பனாருக்கு முதலில் ஊர்த் தெய்வத்தின் பெயர் இருந்தது என்றும், பிறகு வேதாகமத்திலிருந்து வேறொரு பெயர் கொடுக்கப்பட்டது என்றும், கல்லறையில் புதிய பெயரைப் பொறித்த பின்பும் ஊர்க்காரர்கள் பழைய பெயரைச் சொல்லியே அவரைப் பற்றிப் பேசினார்கள் என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் இரண்டு பெயர்களோடு வாழ்வது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. அதனால்தானோ என்னவோ, பிரிட்டனின் இசை வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு பார்சிகளின் பெயர்க் கதை பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அவர்களில் ஒருவர் பாரசீகப் பெயரோடு பிறந்து ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டவர். மற்றவர் ஆங்கிலப் பெயரோடு பிறந்து பாரசீகப் பெயரைத் தேடிப் போனவர்.

முதலாமவரை எல்லோருக்கும் தெரியும். குயீன் என்ற ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரி 1991 நவம்பர் 24 அன்று இறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவரை ஓர் ஆங்கிலேயர் என்றே நினைத்திருந்த எனக்கு, அவருடைய இயற்பெயர் ஃபரோக் பல்சாரா என்பதும், அவர் பம்பாய் மாகாணத்துப் பஞ்சகனியில் விடுதியில் தங்கிப் படித்தவர் என்பதும் அன்றைய இரங்கல் செய்திகளில்தான் தெரியவந்தன. அவர் பிறந்தது 1946 செப்டம்பர் 5 அன்று, சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுனில். தந்தை போமி, தாய் ஜெர் இருவரும் குஜராத்தைச் சேர்ந்த பார்சிகள். பல்சாரா என்ற குடும்பப் பெயரே புல்சார், அதாவது இன்றைய வல்சாட், என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. தந்தை அங்கே பிரிட்டிஷ் காலனி அரசாங்கத்தில் காசாளராக வேலை பார்த்தார். ஃபரோக் என்றால் பாரசீக மொழியில் மங்களமானவன், பேறு பெற்றவன் என்று பொருள். பஞ்சகனியின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் நண்பர்கள் அவரை ஃப்ரெட்டி என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஆக, அந்தப் பெயர் லண்டனில் சூட்டப்பட்டது என்று நாம் நினைப்பது சரியில்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு விடுதிப் பிள்ளைக்கு வந்த பெயர்.

அந்தப் பள்ளியில் அவர் பியானோ கற்று நான்காவது கிரேடு வரை தேர்ச்சி பெற்றார் என்று படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிரேடுத் தேர்வு என்பது என்னவென்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேல்களை மாதக்கணக்கில் உருப்போட்டு, சலவை செய்த சட்டையோடு வெளியே பெஞ்சில் காத்திருந்து, கை வியர்க்க உள்ளே போய் அந்நியரான ஒரு தேர்வாளர் முன்னால் வாசித்துவிட்டு வருகிற அந்த அனுபவம் பஞ்சகனிக்கும் பாளையங்கோட்டைக்கும் பொதுவானது. 1958-இல் அங்கேயே ஹெக்டிக்ஸ் என்ற பெயரில் பள்ளி நண்பர்களோடு ஒரு குழுவையும் அவர் தொடங்கிவிட்டார்.

1964-இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்று லண்டனின் மேற்கே ஃபெல்தமில் குடியேறியது. அவர் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தார். 1970-இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகியோருடன் சேர்ந்து குழு அமைத்து, அதற்குக் குயீன் என்றும் தமக்கு மெர்குரி என்றும் பெயர் வைத்தார். ஜான் டீகன் அடுத்த ஆண்டு சேர்ந்தார்.

1975-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' பாடலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆயினும் நான்கு குரல் பாட்டில் வளர்ந்தவர்கள் அதைக் கேட்கிற விதம் சற்று வேறானது என்பதால் நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஆலயங்களில் பாமாலை பாடும்போது சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல்களும் நான்கு வரிசையில் நிற்கும். ஒரு வரிசை சற்றே சுருதி தவறினாலும் கட்டடம் முழுவதும் ஆடுவதுபோலக் காதுக்குத் தெரியும். அந்தப் பாட்டின் நடுவில் வருகிற ஓபரா பகுதியில் ஒரு பெரிய பாடகர் குழுவே பாடுவதாகத் தோன்றும். உண்மையில் அங்கே பாடியவர்கள் மூன்றே பேர். டெய்லர் மேல்குரலையும் மெர்குரி நடுக்குரலையும் மே கீழ்க்குரலையும் பாட, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஏற்றிப் பதிவு செய்தார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. ஒலிநாடாவை மீண்டும் மீண்டும் ஓட்டியதில் அதன் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டது என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். 5 நிமிடம் 55 வினாடி ஓடுகிற பாட்டை வானொலியில் யார் போடுவார்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. வந்த பிறகு அது பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. அவர் மறைந்தபின் மறுபடி வெளியிடப்பட்டு இன்னொரு முறையும் முதலிடத்துக்கு வந்தது.

அதே பாட்டில் ஓரிடத்தில் 'பிஸ்மில்லா' என்ற சொல் முழங்குகிறது. 1978-இல் வந்த 'ஜாஸ்' தொகுப்பின் முதல் பாட்டான 'முஸ்தபா', பாங்கோசையின் சாயலில் தனிக்குரலாக எழுகிறது. அவர் இஸ்லாமியர் அல்லர். குடும்பம் ஜரதுஷ்டிர மதத்தைச் சேர்ந்தது. ஆனால் ஸ்டோன் டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் காதில் பாங்கு விழாமல் இருந்திருக்க முடியாது. மேலப்பாளையத்துப் பாங்கோசையும் கதீட்ரல் மணியோசையும் கோபாலசுவாமி கோயில் நாகசுரமும் ஒரே அதிகாலையில் காதில் விழ வளர்ந்த எனக்கு, இதை ஒரு ராக் பாடகரின் விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளலாம். சிறுவயதில் காதுக்குள் போனதை அத்தனை எளிதில் மாற்றிவிட முடிவதில்லை.

இரண்டாமவரை நம்மில் மிகச் சிலருக்கே தெரியும். எனக்கும் நாற்பது வயதைத் தாண்டிய பிறகே தெரியவந்தார். கைகோஸ்ரு ஷாப்பூர்ஜி சொராப்ஜி 1892 ஆகஸ்ட் 14 அன்று இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள சிங்ஃபோர்டில் பிறந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொரு பார்சியான தாதாபாய் நவ்ரோஜி லண்டன் ஃபின்ஸ்பரி தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியிருந்தார். சொராப்ஜியின் தந்தை பம்பாயைச் சேர்ந்த பார்சிப் பொறியாளர், தாய் ஆங்கிலேயர். பிள்ளைக்கு வைத்த பெயர் லியோன் டட்லி. இளமையில், தம் நிறத்துக்காகவும் வம்சத்துக்காகவும் அவமதிக்கப்பட்ட அந்தப் பிள்ளை, அந்த ஆங்கிலப் பெயரை உதறிவிட்டு, பார்சி சமயத்தில் இணைந்து, பாரசீக அரசன் ஒருவனின் பெயரை ஏற்றுக்கொண்டார். தம்மை ஆங்கிலேய இசையமைப்பாளர் என்று யாரும் அழைப்பதை அவர் விரும்பவில்லை. இந்திய இசையமைப்பாளர் என்று அழைத்தாலோ கடும் கோபம் கொண்டார். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும், எந்தக் கட்டத்திலும் தம் பெயரை அடைக்க விடாத ஒருவரின் வலி அதற்குள் இருப்பதை என்னால் உணர முடிகிறது.

அவருடைய பெரும் படைப்பு 'ஓபஸ் கிளாவிசெம்பாலிஸ்டிகம்'. தனிப் பியானோவுக்காக எழுதப்பட்டு 1930-இல் முடிக்கப்பட்ட அது, 252 பக்கங்கள் கொண்டது. வாசித்து முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு ஃபியூகுகளும், 49 மாற்றுருவங்கள் கொண்ட ஒரு பகுதியும், 81 மாற்றுருவங்கள் கொண்ட ஒரு பாசகாலியாவும் அதற்குள் உண்டு. ஃபியூக் என்பதை, ஒரு குரல் சொன்ன பல்லவியை அடுத்த குரல் வேறொரு சுருதியில் எடுத்துக்கொள்ள, முதற்குரல் அதற்கு எதிராக வேறு பேச்சுப் பேசிக்கொண்டே போவது என்று சொல்லலாம். பாசகாலியாவில் கீழ்க்குரலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வர, மேலே ஒவ்வொரு முறையும் புதிது புதிதாக ஏதேனும் நடக்கும். 1930 டிசம்பர் 1 அன்று கிளாஸ்கோ நகரில், எரிக் சிஸம் என்ற ஸ்காட்லாந்து இசையமைப்பாளர் நடத்திவந்த நவீன இசைச் சங்கத்தின் மேடையில், சொராப்ஜியே உட்கார்ந்து அதை முழுவதுமாக வாசித்தார்.

நான்கு மணி நேரம் ஒரே படைப்பா என்று மேல்நாட்டு எழுத்தாளர்கள் வியப்பதையும் சிலர் சலித்துக்கொள்வதையும் படிக்கும்போதெல்லாம், கோயில் கொடை விழா பார்த்து வளர்ந்தவர்களை அவர்கள் சந்தித்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன். என் அம்மாவின் பிறந்த ஊரில் சுடலைமாடன் கோயில் கொடையின்போது, வில்லுப்பாட்டுப் புலவர் மாலையில் காப்புப் பாடித் தொடங்கினால், சாமக்கொடை வரையிலும் அதற்குப் பிறகும் கதை ஓடும். வீசுகோல் வில்லில் விழுகிற தாளம் ஒன்றுதான். குடமும் உடுக்கையும் அதே வட்டத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் கதை மட்டும் ஏறிக்கொண்டே போய், நள்ளிரவில் சாமியாடியின் உடம்பில் இறங்கும். நடுவில் பிள்ளைகள் தூங்குவார்கள், எழுந்து கேட்பார்கள், மறுபடி தூங்குவார்கள். அப்படிக் கேட்டவனுக்கு 81 முறை திரும்பி வருகிற ஒரு கீழ்க்குரல் வரி பயம் தருவதில்லை. விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடுவார் என்று கரிசல் காட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கும் அப்படித்தான். சொராப்ஜியின் இசை வில்லுப்பாட்டைப் போல இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது இத்தாலிய–ஜெர்மானிய இசைமேதை புசோனியின் வழியில் வந்த, மிக அடர்த்தியான ஐரோப்பிய இசை. 1919-இல் சொராப்ஜி லண்டனில் புசோனியைச் சந்தித்துத் தம் முதல் சொனாட்டாவை வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் பேசுவது கேட்பவனின் பொறுமையைப் பற்றி. அந்தப் பொறுமையைத் திருநெல்வேலிச் சீமை எனக்குச் சிறுவயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டது.

1936-இல் லண்டனில் வேறொருவர் அந்தப் படைப்பின் முதற்பகுதியை வாசித்த விதம் சொராப்ஜிக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் தம் அனுமதியின்றி எவரும் தம் இசையைப் பொதுமேடையில் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அனுமதியையும் எவருக்கும் கொடுக்காமல் இருந்தார். அந்த ஆண்டுக்குப் பிறகு தாமும் மேடையேறவில்லை. 1976-இல் யோண்டி சாலமன் என்ற பியானோ கலைஞருக்கு அனுமதி கிடைக்கும்வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. இந்த நாற்பது ஆண்டுகளிலும் அவர் எழுதுவதை நிறுத்தியதில்லை. 1948, 49 ஆண்டுகளில் எழுதிய 'செக்வென்ஷியா சிக்லிகா' எட்டு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. அதை ஜோனதன் பவல் பதிவு செய்து 2020-இல் வெளியிட்டார். தந்தை வைத்துவிட்டுப் போன பணம் இருந்ததால் பிழைப்புக்காக எவரையும் அண்டி நிற்க வேண்டியிருக்கவில்லை. டார்செட் மாவட்டத்தின் கார்ஃப் காசில் என்ற சிற்றூரில், 'கண்' என்று பெயரிட்ட வீட்டில், வருவோர் போவோரைத் தவிர்த்து வாழ்ந்து, 1988 அக்டோபர் 15 அன்று 96 வயதில் இறந்தார்.

அவர் தேர்ந்துகொண்ட கைகோஸ்ரு என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபிர்தவுசியின் ஷாநாமாவில் வருகிற கைகோஸ்ரு, ஈரானின் பேரரசன். எல்லாப் போர்களையும் வென்று, எல்லாப் புகழையும் அடைந்த பிறகு, அரியணையைத் துறந்துவிட்டு மலைக்குள் நடந்துபோய் மறைந்துவிடுகிறான். இளவயதில் அந்தப் பெயரை ஏற்றவர், நடுவயதில் மேடையைத் துறந்துவிட்டு ஆங்கிலக் கிராமம் ஒன்றுக்குள் மறைந்துபோனார். பெயருக்கும் வாழ்வுக்கும் உள்ள இந்த ஒற்றுமையை நான் கதையாகச் சோடிக்க விரும்பவில்லை. ஆனால் முதன்முதலில் இதைக் கவனித்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது உண்மை.

பெயரை மாற்றாத பார்சிகளும் பிரிட்டனின் இசையில் இருந்தார்கள். மெஹ்லி மேத்தா பெரும்பாலும் தாமாகவே வயலின் கற்றவர். 1935-இல் பம்பாய் சிம்பனி இசைக்குழுவை உருவாக்கிய அவர், 1955 முதல் 1959 வரை மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவில், பார்பிரோலியின் தலைமையில் வயலின் வாசித்தார். அவருடைய மகன் சுபின் மேத்தா வியன்னாவில் படித்துவிட்டு, 1958-இல் லிவர்பூலில் நடந்த இசை நடத்துநர் போட்டியில் முதற்பரிசு பெற்று, ஓராண்டு அந்நகரின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் துணை நடத்துநராக வேலை பார்த்தார். உலகம் முழுவதும் பேசப்படும் ஒரு வாழ்வு அங்கிருந்துதான் புறப்பட்டது. பின்னாளில் ரவிசங்கரின் இரண்டாவது சித்தார் கான்சர்ட்டோவை லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு பதிவு செய்தபோது நடத்தியவரும் சுபின்தான். ஒரு காலத்தில் தகப்பன் மான்செஸ்டரிலும் மகன் அருகிலேயே லிவர்பூலிலும் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த ஒரு செய்தி.

இவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் உடனே "அவர் நம்ம ஆள் தெரியுமா" என்று தொடங்கிவிடுகிறோம். மெர்குரியின் பெயரை வைத்து இந்தப் பெருமை அடிக்கடி பேசப்படுகிறது. எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. அவர் பஞ்சகனியை மறைத்தார் என்று குற்றம் சொல்வோரும், அவர் உள்ளுக்குள் இந்தியராகவே இருந்தார் என்று உரிமை கொண்டாடுவோரும், இசையைக் கேட்காமல் பிறப்புச் சான்றிதழைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்து, குஜராத்தி பேசி, பம்பாயில் வயலினை எடுத்துக்கொண்டு, சான்சிபாருக்கும் லண்டனுக்கும் போன ஒரு சமூகத்துக்கு எந்த இசை சொந்தம் என்று வெளியிலிருந்து நாம் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? எங்கள் ஆலயத்தில் ஒரே ஆராதனையில் ஜெர்மானிய ராகத்தில் ஒரு பாமாலையும், அதையடுத்து ஆனந்தபைரவியில் ஒரு கீர்த்தனையும் பாடுகிறோம். இவற்றில் எது இரவல், எது சொந்தம் என்று பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் அவர்களுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது. தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்து, ஆபிரகாம் என்ற பெயரோடு தஞ்சாவூருக்குப் போய், சிலப்பதிகாரத்தின் பண்களைத் தேடித் தேடி 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்ட பண்டிதரை நினைத்தால், பெயர் ஒரு திசையிலும் தேடல் இன்னொரு திசையிலும் போவது எங்கள் மண்ணுக்கும் பழக்கமானதுதான் என்று தோன்றுகிறது.

மெர்குரியின் இறுதிச் சடங்கு லண்டனின் கென்சல் கிரீன் பகுதியில் உள்ள தகனக் கூடத்தில் நடந்தது. ஜரதுஷ்டிரக் குருமார் அவெஸ்தா மொழியில் மந்திரம் ஓதி அதை நடத்தினார்கள். மேடையில் பல்லாயிரம் பேரைத் தம் குரலோடு சேர்ந்து பாடவைத்தவர், அவர்களில் எவருக்கும் புரியாத ஒரு பழைய மொழியின் ஓதலோடு விடைபெற்றார். பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அந்த ஓதலை அவர்கள் மகனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்ற நினைவு எனக்குக் கனமாக இருக்கிறது. ஃபெல்தமில் அந்தக் குடும்பம் வாழ்ந்த வீட்டில் 2016-இல் நீல நிற நினைவுப் பலகை ஒன்றைப் பதித்தார்கள்.

போன மார்கழியில் ஓர் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கப் போன பிறகு, ஜான் ஆக்டன் வாசித்த 'ஓபஸ் கிளாவிசெம்பாலிஸ்டிகம்' பதிவை முதன்முறையாக இடைவெளியில்லாமல் கேட்பது என்று முடிவு செய்து, பெரியப்பாவின் பழைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற பதிவு அது. இரண்டாவது ஃபியூகு நடக்கும்போது கண் அயர்ந்துவிட்டது. கொடையில் விழிப்பதுபோலவே நடுவில் விழித்துப் பார்த்தபோது, பாசகாலியாவின் கீழ்க்குரல் அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன்பின் தூக்கம் வரவில்லை. கடைசிப் பக்கங்களில் எல்லாக் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி முட்டிக்கொண்டு நிற்கிறபோது, மேலே மாடியிலிருந்து மகள் இறங்கி வந்து, "அப்பா, இது யாரு வாசிக்கது?" என்று கேட்டாள். வாசிக்கிறவரின் பெயரைச் சொன்னேன். எழுதியவரின் பெயரையும் சொன்னேன், இரண்டையும்.